ஈவாரை அறிதல்

பொதுப்பணி செய்யப் புகுவோர் எவர்க்கும் முதலில் எதிர்ப்படும் வினா, யாரிடம் கேட்பது என்பதேயாம். படிப்பகம் ஒன்று அமைக்க வேண்டும், பிரார்த்தனை மண்டபம் எழுப்ப வேண்டும், வறிய பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று சபை கூடித் தீர்மானம் நிறைவேற்றுதல் எளிது. மறுநாள் பற்றுச்சீட்டுப் புத்தகத்தைக் கையிலெடுத்ததும் மனம் தடுமாறுகின்றது. ஊரிலுள்ள செல்வர் நால்வரின் பெயரே நினைவுக்கு வருகின்றது. அந்நால்வர் வாசலிலும் ஏற்கெனவே பல சங்கத்தார் நிற்கின்றனர். இவ்வினாவுக்கு முன்னோர் எவ்வாறு விடை கண்டனர் என்று வரலாற்றை நோக்குதல், எம்போன்ற வாலிபர் சங்கங்களுக்குப் பயன்தருமெனக் கருதுகின்றோம்.

வட அமெரிக்காவின் ஒரு பகுதி பிரித்தானியருடைய குடியேற்றமாயிருந்த காலத்தில், பிலடெல்பியா நகரில் வாழ்ந்தவர் பெஞ்சமின் பிராங்கிளின். 1751ஆம் ஆண்டளவில் அவருடைய நண்பராகிய வைத்தியர் தோமஸ் பொண்ட் என்பவர், வறிய நோயாளருக்கென ஒரு வைத்தியசாலை நிறுவ எண்ணிப் பணம் திரட்டத் தொடங்கினார். சென்ற இடமெல்லாம், பிராங்கிளினைக் கலந்தீரா, அவர் கருத்து யாது என்றே மக்கள் கேட்டனர். நம்பிக்கைக்குரிய ஒருவரின் சொல்லையே ஊர் எதிர்பார்க்கின்றது என்பதை உணர்ந்த பொண்ட், அவரிடமே வந்து சேர்ந்தார். பிராங்கிளின் தம் பங்கை எழுதிக் கொடுத்ததோடமையாது, பிறரிடம் கேட்குமுன் பத்திரிகைகளில் எழுதி மக்கள் மனத்தைப் பண்படுத்தினார். பின்னர்ச் சட்டசபையை அணுகி, மக்கள் 2,000 பவுண் சேர்ப்பாராயின் அரசாங்கமும் 2,000 பவுண் உதவுதல் வேண்டும் என்னும் ஏற்பாட்டைப் பெற்றார். தாம் ஈயும் ஒவ்வொரு பவுணும் இரண்டாகும் என்றறிந்த மக்கள் உவந்து கொடுத்தனர்.

அக்காலத்தில் நிகழ்ந்த மற்றொரு செய்தியைப் பிராங்கிளின் தம் சுயசரிதத்தில் எழுதியுள்ளார். கில்பேர்ட் ரெனன்ற் என்னும் போதகர் புதியதொரு வழிபாட்டு மண்டபம் கட்ட விரும்பி அவரிடம் உதவி நாடினார். அடிக்கடி கேட்டு ஊரவரைச் சலிப்படையச் செய்யலாகாது என்று பிராங்கிளின் மறுத்தார். அங்ஙனமாயின் தாராள மனமுடையவரெனத் தாம் கண்டறிந்தோரின் பெயர்களையாவது எழுதித் தருமாறு போதகர் கேட்டார். அதற்கும் அவர் இசையவில்லை. தம் வேண்டுகோளுக்கு இணங்கி அன்போடு உதவியவர்களை, வேறு யாசகர் சென்று வருத்துமாறு காட்டிக்கொடுப்பது தகாது என்பது அவர் எண்ணம்.

ஆயினும் ஆலோசனை கூற மறுத்தாரல்லர். நிச்சயமாகத் தருவார் என்று அறிந்தவரிடம் முதலிற் செல்க. தருவாரோ மாட்டாரோ என்று ஐயமுள்ளவரிடம் அடுத்துச் சென்று, முன்னர்த் தந்தோரின் பட்டியலைக் காட்டுக. ஒன்றுமே தரமாட்டார் என்று நீர் உறுதியாக நம்புவோரையும் விட்டுவிடற்க, அவருட் சிலரைப்பற்றி உமது கணிப்புப் பிழையாயிருத்தல் கூடும் என்றார். போதகர் நகைத்து, நன்றி கூறி, அவ்வாறே எல்லாரிடமும் சென்றார். எதிர்பார்த்ததினும் மிகுதியான பணம் சேர்ந்தது. மண்டபமும் எழுந்தது.

இந்த மூன்றாம் விதியின் உண்மையை அமெரிக்காவிலேயே பிற்காலத்தில் வாழ்ந்த ஒருவர் தம் அனுபவத்திற் கண்டார். அடிமையாகப் பிறந்து, விடுதலை பெற்று, கல்வி கற்று உயர்ந்த புக்கர் ரி. வாஷிங்ரன் என்பவரே அவர். அலபாமா மாநிலத்தில் ரஸ்கீஜி என்னும் ஊரில், கறுப்பின மக்களுக்கென 1881ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் திகதி அவர் ஒரு பாடசாலையைத் தொடங்கினார். மாநில அரசு ஆண்டுக்கு 2,000 டொலர் அளித்தது. அத்தொகை ஆசிரியர் சம்பளத்துக்கு மட்டுமே உரியது; நிலத்துக்கும் கட்டடத்துக்கும் சல்லியும் இல்லை. ஆகவே அவர் கேட்டுச் செல்லவேண்டியவரானார்.

அவருக்கு வந்த தொடக்ககாலக் கொடைகளுள் ஒன்று ஆறு கோழிமுட்டைகள். அடிமைத்தனத்திலேயே தன் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த எழுபது வயது மூதாட்டி ஒருவர், கந்தை உடுத்துக் கோலூன்றி வந்து, பிள்ளைகளின் கல்விக்கென அவற்றைக் கொடுத்தார். எந்தச் செல்வர் பட்டியலிலும் இடம்பெறாத அம்மூதாட்டியின் கொடையைப்போலத் தம் நெஞ்சைத் தொட்ட கொடை வேறில்லை என வாஷிங்ரன் கூறுகின்றார்.

செல்வரிடமும் அவர் சென்றார். புகையிரதப் பாதைகளால் பெரும்பொருள் ஈட்டிய கொலிஸ் ஹண்டிங்ரன், முதன்முறை கண்டபோது கொடுத்தது இரண்டே டொலர். வாஷிங்ரன் அவரைக் குறைகூறவில்லை. கருமி என்று பெயரை வெட்டவுமில்லை. பெருங்கொடைக்கு எமது பாடசாலை தகுதியுடையது என்பதைச் செயலாற் காட்டுவேன் என்று உறுதிகொண்டு, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாகப் பாடசாலையின் வளர்ச்சியை அவருக்குக் காட்டிவந்தார். அவருடைய கொடையும் படிப்படியாக வளர்ந்தது. 1900ஆம் ஆண்டில் ஹண்டிங்ரன் காலமாவதற்குச் சில திங்கள் முன்னர்ச் சந்தித்தபோது, அவர் அளித்த தொகை 50,000 டொலர்.

இன்னொரு சமயம், கொனெற்றிக்கற் மாநிலத்தில் ஒரு செல்வரைக் காண, குளிரும் புயலும் மிக்க ஒரு நாளிலே இரண்டு மைல் நடந்து சென்றார். அச்செல்வர் கேட்டிருந்துவிட்டு ஒன்றும் கொடாது அனுப்பினார். இரண்டு ஆண்டுகளின் பின் அவரிடமிருந்து 10,000 டொலருக்கான காசோலை வந்தது. தமது மரணசாசனத்தில் எழுதிவைத்த தொகையை உயிரோடிருக்கும்போதே தந்துவிடுவதாக அவர் குறித்திருந்தார்.

இந்துக்களாகிய நாம் மறக்கலாகாத உதாரணம் காசி இந்து சர்வகலாசாலை. அதன்பொருட்டு ஊரூராகச் சென்று இரந்த பண்டித மதன்மோகன் மாளவியாவுக்கு, யாசகருள் இளவரசர் என்னும் பெயரே வழங்கலாயிற்று. 1911இல் இந்து சர்வகலாசாலைச் சங்கம் பதிவாயிற்று. தர்பங்கா மகாராஜா அதன் தலைவராயினார்; ஐந்து இலட்சம் ரூபாவும் அளித்தார். முதலில் ஒரு பெரியவர் முன்வந்தால் ஏனையோர் தொடர்வர் என்பதை மாளவியா நன்கறிந்திருந்தார். 1915இல் சட்டம் நிறைவேறியது. 1916 பெப்ரவரி 4ஆம் திகதி அடிக்கல் நாட்டப்பட்டது.

இரண்டு நாள் கழித்து அங்கே காந்தியடிகள் பேசினார். மேடையிலிருந்த சமஸ்தானாதிபதிகளின் நகைகளைச் சுட்டிக்காட்டி, அவற்றைக் களைந்து நாட்டு மக்களுக்கான தருமசொத்தாக வைத்தாலன்றி நாட்டுக்கு விமோசனமில்லை என்றார். மாளிகைகளை எழுப்பும் பணம் உழவரிடமிருந்து வந்ததே என்றும் கூறினார். அன்று தலைமை வகித்தவர் தர்பங்கா மகாராஜாவே. கூட்டம் குழப்பத்தில் முடிந்தது. மாளவியா கேட்டிராவிடின் சர்வகலாசாலை எழுந்திராது. காந்தியடிகள் கூறியிராவிடின், பெருங்கொடைக்குப் பின்னே நிற்கும் பெயரற்ற கொடையாளரை எவரும் நினைத்திரார். இரண்டும் வேண்டியனவே.

நிற்க. இவற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்கது யாது? செல்வத்தின் அளவு பட்டியலின் ஒரு பத்தி மட்டுமே. ஒருவருக்கு எப்பணியில் ஈடுபாடு உண்டு, முன்னர் எதற்கு உதவினார், யார் சென்றாற் செவிசாய்ப்பார், சென்றமுறை தந்த பணத்துக்கு நாம் கணக்குக் காட்டினோமா என்பவை அதனினும் முக்கியமானவை. பற்றுச்சீட்டின் அடிக்கட்டைகளையும் பழைய ஆண்டறிக்கைகளையும் பொறுமையோடு புரட்டினால் இவற்றுட் பல தெரியவரும். இரண்டு ரூபா தந்தவரின் பெயருக்கு எதிரே இகழ்ச்சிக் குறிப்பு எழுதுதல் வேண்டா. வேலியோரத்துச் சிறு வீட்டையும் கடந்து போதல் வேண்டா. அடுப்பேற்றுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தருமத்துக்கென வைத்த தாய்மாரின் மரபு நம்முடையது.

எமது அன்பர்கள் இன்று கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மட்டுமன்றி, இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் வாழ்கின்றனர். அவர்களுடைய பெயரும் தொலைபேசி எண்ணும் கொண்ட பட்டியலைக் கைத்தொலைபேசி வழியாக ஒரு நொடியில் எவர்க்கும் அனுப்பிவிடலாம். எளிதாயிருப்பதாலேயே அதனைச் செய்யாதிருத்தல் கடமையாகின்றது. ஒருவர் எமக்குத் தந்த பணத்தைப்போலவே, அவரைப்பற்றி நாம் அறிந்ததும் எம்மிடம் ஒப்படைக்கப்பட்ட தருமசொத்து. பிராங்கிளின் போதகருக்குப் பட்டியல் கொடுக்க மறுத்ததன் பொருள் இதுவே.

வாலிப அன்பர்காள்! கேட்பதற்கு நாணுதல் வேண்டா. நாம் கேட்பது நமக்கன்று. கேட்குமுன் அறிக. பெற்றபின் கணக்குக் காட்டுக. தராதவரிடமும் இன்முகத்தோடு விடைபெறுக. அவர் காசோலை இரண்டு ஆண்டுகளின் பின் வரவும் கூடும். திருவருள் துணைநிற்பதாக.