கடல் கடக்கும் நர்ஸ் பிறந்த கதை

லண்டனிலும் ரியாதிலும் நியூயார்க்கிலும் நோயாளியின் கட்டிலருகே பிலிப்பைன்ஸ் நர்ஸ் ஒருவர் நிற்பார். சம்பளத்துக்காக வந்தவர் என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறோம். சம்பளம் உண்மைதான். ஆனால் ஏழை நாடுகள் எத்தனையோ இருக்க, இங்கிருந்து ஏன் இத்தனை பேர்?

1898-ல் பிலிப்பைன்ஸ் ஸ்பெயினிடமிருந்து அமெரிக்காவின் கைக்குப் போனது. 1906-ல் இலோயிலோ நகரத்து மிஷனரி மருத்துவமனையில் நாட்டின் முதல் நர்சிங் பள்ளி தொடங்கியது. பாடத்திட்டம் அமெரிக்காவுடையது, பாடமொழி ஆங்கிலம். ஏற்றுமதி செய்யலாம் என்று அன்று யாரும் நினைக்கவில்லை. ஆனாலும் அந்த வகுப்பில் தேறிய பெண்ணால் அமெரிக்க வார்டு ஒன்றில் மறுநாளே வேலை பார்க்க முடியும்.

1948-ல் அமெரிக்கா ஒரு பரிமாற்றத் திட்டம் கொண்டுவந்தது. வெளிநாட்டவர் வந்து இரண்டு ஆண்டு பயிற்சி பெற்றுத் திரும்ப வேண்டும். 1956-லிருந்து 1969-க்குள் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட பிலிப்பைன்ஸ் நர்ஸ்கள் இதில் போனார்கள். பல மருத்துவமனைகள் அவர்களைப் பயிற்சியாளர் என்று எழுதிக்கொண்டு முழு நர்ஸின் வேலையை வாங்கின. கொடுத்தது உதவித்தொகை மட்டுமே. இது உழைப்புத் திருட்டு, வேறு பெயர் இதற்குக் கிடையாது. அப்படியும் ஊருக்கு வந்த கடிதங்களும் பணமும் அடுத்தடுத்த பெண்களை நர்சிங் கல்லூரிக்கு அனுப்பின.

1965-ல் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் மாறியது. திறமையுள்ளவர்கள் அங்கேயே தங்க வழி பிறந்தது. 1974-ல் அன்றைய பிலிப்பைன்ஸ் அதிபர் மார்கோஸின் அரசு, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புவதைத் தொழிலாளர் சட்டத்திலேயே எழுதிக்கொண்டது. எண்ணெய் விலை ஏறியிருந்த காலம், அந்நியச் செலாவணி வேண்டும். நர்சிங் கல்லூரிகள் பெருகின. 2000-க்குப் பிறகு டாக்டர்களே மறுபடி நர்சிங் படித்துக் கிளம்பினார்கள். அனுபவச் சான்றிதழுக்காகச் சம்பளமில்லாமல், சில இடங்களில் தாங்களே பணம் கட்டியும், இளம் நர்ஸ்கள் உள்ளூர் மருத்துவமனைகளில் உழைத்தார்கள். படிக்க வைத்த வீட்டின் கடன் ஒருபக்கம், நிரந்தர வேலையில்லாத சொந்த ஊர் மறுபக்கம். இப்படி நிறுத்தப்பட்டவரிடம் போய் நாட்டுப்பற்று பேசுவது அநியாயம்.

கொரோனா வந்தபோது, 2020-ல், பிலிப்பைன்ஸ் அரசே வாசலை அடைத்தது. முதலில் தடை, பிறகு ஆண்டுக்கு 5,000 பேர் என்று வரம்பு. ஒப்பந்தம் கையிலிருந்தவர்கள் கொதித்துப்போனார்கள். அந்த டிசம்பரில் பிரிட்டனின் கோவென்ட்ரி நகரில், சோதனைகளுக்கு வெளியே உலகின் முதல் ஃபைசர் தடுப்பூசியைப் போட்டவர் மே பார்சன்ஸ், பிலிப்பைன்ஸில் பிறந்த நர்ஸ். 2021 பிப்ரவரியில் பிலிப்பைன்ஸில் இன்னும் தடுப்பூசித் திட்டமே தொடங்கவில்லை. அப்போது தொழிலாளர் துறை பிரிட்டனிடமும் ஜெர்மனியிடமும் கேட்டது: தடுப்பூசி கொடுங்கள், நர்ஸ்களுக்கான வரம்பைத் தளர்த்துகிறோம். பிரிட்டன் மறுத்துவிட்டது.