வானுக்கு ஒரு நெகடிவ்: ஒட்டுப்படக் கலை பயிலப்பட்ட வரலாறு

ஒன்றுக்கு மேற்பட்ட புகைப்படங்களிலிருந்து பகுதிகளை எடுத்துப் பொருத்தி ஒரே காட்சியாக்கும் ஒட்டுப்படக் கலை கணினியோடு பிறந்தது என்றே அதைப் புதிதாகப் பயில்வோர் பலரும் கருதுகின்றனர். உண்மையில் அது 1850களில், வேதியியல் குறை ஒன்றை ஈடுசெய்யும் வழியாகத் தோன்றியது. அக்காலத்தில் பரவியிருந்த ஈரக் கொலோடியன் முறையில், கொலோடியன் என்னும் பிசுபிசுப்பான கரைசலைக் கண்ணாடித் தகட்டில் பூசி, வெள்ளி நைட்ரேட்டில் தோய்த்து, ஈரம் காயுமுன் படம்பிடித்துக் கழுவிவிட வேண்டும். அத்தகடு நீல ஒளியை மிக விரைவாகவும் பச்சையையும் சிவப்பையும் மிக மந்தமாகவும் ஏற்றதால், நிலமும் மரமும் பதியும்வரை காத்திருந்தால் வானம் அளவுமீறி ஒளிபட்டு, அச்சில் மேகமே இல்லாத வெற்றுத் தாளாக நின்றது. வானுக்கெனத் தனி நெகடிவ் எடுத்துச் சேர்க்கலாம் என்று 1852இல் பிரான்சின் இப்போலித் பயார் யோசனை கூறினார். சில ஆண்டுகளில் குஸ்தாவ் லெ கிரே தம் கடற்காட்சிகள் சிலவற்றில் அதைச் செய்து காட்டிப் புகழ்பெற்றார். கடலும் வானும் சந்திக்கும் கோடு நேராக இருப்பதால் இணைப்பை அங்கே மறைப்பது எளிது. கடற்காட்சியில் இம்முறை செழித்ததற்கு அழகுணர்ச்சியோடு இந்த வசதியும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும்.

மனித உருவங்களைச் சேர்ப்பது இதனினும் கடினமானது. சுவீடனில் பிறந்து இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டனில் தொழில்செய்த ஆஸ்கர் ரெய்லாண்டர், 1857இல் மான்செஸ்டர் கலைக் கண்காட்சியில் வைத்த ‘வாழ்வின் இரு வழிகள்’ என்னும் படத்தை 30க்கும் மேற்பட்ட நெகடிவ்களிலிருந்து ஏறத்தாழ ஆறு வாரங்களில் உருவாக்கினார். நல்வழிக்கும் தீவழிக்கும் இடையில் நிற்கும் இரண்டு இளைஞர்களைச் சித்திரிக்கும் அப்படம் இரண்டரை அடிக்கு மேல் அகலமுடையது. அன்றைய அச்சுத்தாள் வெயிலில் மெல்லக் கருத்து உருவத்தைத் தானே வெளிக்காட்டும் இயல்புடையது என்பதால், ஒரு நெகடிவைத் தாளின்மேல் வைத்து, தேவையான உருவம் தவிர மற்ற இடங்களை மூடி வெயில்காட்டி, அது பதிந்ததும் அவ்விடத்தை மூடி அடுத்த நெகடிவுக்கு இடம்விடுவதே வேலைமுறை. இவ்வாறு மறைக்கும் மூடியே பிற்காலத்தில் ‘மாஸ்க்’ எனப்பட்டது. தொலைவில் நிற்பவர் சிறிதாகத் தோன்ற வேண்டுமாயின் கேமராவை அதற்கேற்பத் தள்ளிவைத்து எடுக்க வேண்டும். ஓரிடத்தில் அச்சு மிகக் கருத்துவிட்டால் அதுவரை செய்த முழுவேலையும் வீண். விக்டோரியா அரசி இப்படத்தின் பிரதியொன்றை வாங்கினார். ஆயினும் ஆடையற்ற உருவங்களைக் குறித்தும், துண்டு துண்டாகச் சேர்த்தது புகைப்படமாகுமா என்பது குறித்தும் எழுந்த கண்டனங்களால் சலிப்புற்ற ரெய்லாண்டர், ஒட்டுப்படத்தால் பழிச்சொல்லே மிஞ்சுகிறது என்ற கருத்துப்பட 1859இல் நண்பர் ஹென்றி பீச் ராபின்சனுக்கு எழுதினார்.

இக்கலையைக் கற்பிக்கத்தக்க பாடமாக மாற்றியவர் அந்த ராபின்சனே. நோயுற்று இறக்கும் தறுவாயிலுள்ள இளம்பெண்ணையும் சூழநிற்கும் குடும்பத்தாரையும் காட்டும் அவருடைய 1858ஆம் ஆண்டுப் படம் ஐந்து நெகடிவ்களால் ஆனது. 1869இல் அவர் வெளியிட்ட ‘புகைப்படத்தில் ஓவியப் பாங்கு’ என்னும் நூல் பல பதிப்புகள் கண்டு, ஒரு தலைமுறைக்குக் கைநூலாக விளங்கியது. ஒளி வலப்பக்கத்திலிருந்து விழும் நிலத்தின்மேல் இடப்பக்கம் ஒளிரும் வானத்தை வைக்கலாகாது என்பதும், கண்ணால் காண இயலாததைப் புகைப்படமாக்க முயலக்கூடாது என்பதும் அவர் வற்புறுத்திய விதிகளுள் அடங்கும். முதல் விதி இன்றும் மாறவில்லை. ஒட்டுப்படம் பொய்யாகத் தெரிவதற்கு வெட்டிய விளிம்பைக் காட்டிலும் பொருந்தாத நிழலே பெரும்பாலும் காரணமாகிறது. இரண்டாம் விதியை விளம்பரக்கலை என்றோ கைவிட்டது. 1889இல் பீட்டர் ஹென்றி எமர்சன் மாணவர்களுக்கென எழுதிய நூலில் இந்த ஒட்டுமுறையையே கடுமையாக எதிர்த்தார். அதற்குள் நிறவுணர்வு மிக்க தகடுகள் வரத் தொடங்கியிருந்தமையால், வானுக்குத் தனி நெகடிவ் வேண்டும் என்ற பழைய தேவையும் தளர்ந்திருந்தது.

ரெய்லாண்டரும் ராபின்சனும் ஒட்டுப்படங்கள் செய்துவந்த அதே காலத்தில் தமிழகத்திலும் ஒரு பெருமுயற்சி நடந்தது. சென்னை அரசின் புகைப்படக்காரராக அமர்த்தப்பட்ட லினேயஸ் டிரைப், 1858இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்திலுள்ள கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே தொடர்படமாக இணைத்தார். ரெய்லாண்டர் இல்லாத காட்சியைப் படைக்க இணைத்தார் என்றால், டிரைப் ஒரே சட்டத்துள் அடங்காத உண்மையைப் பதிவுசெய்ய இணைத்தார். இவ்விரு நோக்கங்களும் தொடக்கத்திலேயே அருகருகே இருந்தன என்பது கருதத்தக்கது. டிரைப்பும் தூய பதிவாளர் அல்லர். தம் காகித நெகடிவ்கள் சிலவற்றில் மேகத்தையும் இலைச்செறிவையும் வண்ணத்தால் தீட்டிச் சேர்த்தவரே. செலவு மிகுதி என்று ஆளுநர் டிரெவிலியன் அவருடைய பணியை நிறுத்திவிட்டார்.

உருவப்படத் தொழிலில் வேரூன்றியது மற்றொரு கிளையாகிய திருத்துவேலை. மியூனிக்கின் ஃபிரான்ஸ் ஹான்ஃப்ஸ்டாங்கல் 1855ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில் திருத்தப்பட்ட நெகடிவையும் அதன் அச்சையும் காட்டிய பின், நெகடிவின்மீது கூர்பென்சிலால் தழும்பையும் சுருக்கத்தையும் அழிப்பது வழக்கமாயிற்று. நெகடிவில் கருமையேற்றிய இடம் அச்சில் வெளுக்கும் என்பதால், எல்லாவற்றையும் தலைகீழாக எண்ணிப் பழகுவதே இத்தொழிலில் புதியவர் கடக்க வேண்டிய முதல் தடை. தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களில் ‘டச்சிங்’ எனப்பட்ட இவ்வேலை, நூலால் அன்றி, அனுபவசாலியின் அருகிலிருந்து பார்த்துப் பழகும் முறையிலேயே பெரிதும் கற்கப்பட்டது. இறந்துபோன கணவரின் பழைய படத்திலிருந்து முகத்தை வெட்டி மனைவியின் படத்தருகே ஒட்டி, மறுபடம் எடுத்து, இணைப்பைத் தீட்டி மறைத்துத் தம்பதியாக்கிக் கொடுத்த படங்கள் இங்குப் பல வீட்டுச் சுவர்களில் இடம்பெற்றன. மாலையிடுவதற்கான ஒரே நினைவு அதுவாக இருந்த குடும்பங்களுக்கு, புகைப்படம் எவ்வளவு உண்மை என்ற மான்செஸ்டர் விவாதம் பொருளற்றது.

கணினிக் கருவியும், படங்களைக் கழுவி அச்சிடும் இருட்டறையின் மரபிலிருந்தே கிளைத்தது. ஃபோட்டோஷாப்பை உருவாக்கிய தாமஸ் நோல், ஜான் நோல் சகோதரர்கள் தந்தையின் இருட்டறையில் அச்சிடக் கற்றவர்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராயிருந்த தாமஸ் 1987இல் தொடங்கிய நிரல் 1990 பிப்ரவரியில் அடோபி நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. ஓரிடத்தில் ஒளியை மறித்து வெளுக்கச் செய்யும் ‘டாட்ஜ்’, கூடுதல் ஒளிகாட்டிக் கருக்கச் செய்யும் ‘பர்ன்’, மங்கலான நகலைக்கொண்டு விளிம்பைக் கூர்மையாக்கும் ‘அன்ஷார்ப் மாஸ்க்’ ஆகியவை பெயரளவிலும் இருட்டறைச் சொற்களே. தொடக்கப் பதிப்புகளில் ஒட்டிய துண்டைத் தேர்விலிருந்து விடுவித்தவுடன் அது அடிப்படத்தோடு கலந்துவிடும். எனவே 1857இல் போலவே முதல் முறையே சரியாக ஒட்டியாக வேண்டியிருந்தது. துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தனித்தனியே வைத்திருக்கும் ‘லேயர்’ வசதி 1994இல் மூன்றாம் பதிப்போடும், பல படிகள் பின்சென்று திருத்தும் வசதி 1998இல் ஐந்தாம் பதிப்போடும் வந்தன.

இவ்வசதிகள் பிழையின் விலையைக் குறைத்தன. ஒளியைக் கவனிக்கும் பயிற்சிக்கு அவை மாற்றாகவில்லை. ராபின்சன் தம் நூலில் ஒளி, நிழல், காட்சியமைப்பு ஆகியவற்றை முதலில் விரிவாகக் கூறி, ஒட்டுமுறையைக் கடைசிப் பகுதிக்கு ஒத்திவைத்தார். கருவிகளின் பட்டியலோடு தொடங்கும் இக்காலக் கைநூல்கள் பலவற்றைக் காட்டிலும் அந்த வரிசையே கற்போருக்கு ஏற்றது.