பொதுச் சுவர்

மாட்டுங்காவில் நான் முதலில் குடியிருந்த கட்டடத்துக்கும் பக்கத்துக் கட்டடத்துக்கும் நடுவே ஓர் ஆள் தாராளமாக நடந்து போகலாம். 1896ல் பம்பாயில் பரவிய பிளேக்கின் விளைவு அது. 1898ல் ஏற்பட்ட இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட், தாதர்-மாட்டுங்கா பகுதியைத் திட்டமிட்டபோது, காற்றும் வெளிச்சமும் வரக் கட்டடங்களைச் சுற்றி இடம் விடச் செய்தது. தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து வந்த நம்மவர்களுக்கு இது புதுசு. ஊரில் நமக்கும் அடுத்தாத்துக்கும் ஒரே சுவர்தானே!

அப்படியானால் அக்ரஹாரத்து வீட்டில் காற்று எப்படி வந்தது? திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாம் கட்டு, கொல்லை என்று நீளவாக்கில் போகும் வீடு. சூடான காற்று லேசாகி முற்றத்தின் வழியே மேலே போகும். அந்த இடத்தை நிரப்ப வாசலிலிருந்தும் கொல்லையிலிருந்தும் காற்று உள்ளே வரும். அடுக்கடுக்காக வேய்ந்த நாட்டு ஓடுகளுக்கு இடையே தங்கும் காற்று உஷ்ணத்தைத் தடுக்கும். கல்லூரியில் பௌதிகம் படித்த பிறகுதான் பாட்டி ஏன் முற்றத்து ஓரமாகவே படுப்பாள் என்று எனக்குப் புரிந்தது. பக்கச் சுவரில் ஜன்னலுக்கு வேலையே இல்லை.

இந்த அமைப்பைப் பார்க்க விரும்புவோர் கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் கணித மேதை ராமானுஜன் வளர்ந்த வீட்டுக்குப் போகலாம். 2003 முதல் சாஸ்த்ரா பல்கலைக்கழகம் அதைப் பராமரித்து வருகிறது. வழிப்போக்கர் தங்கத்தான் திண்ணை என்று பெருமையாகச் சொல்வோம். எல்லா வழிப்போக்கரும் அந்த வீதிக்குள் வர முடிந்ததில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

எங்கள் பூர்வீக வீட்டை 1992ல் விற்றோம். ஏழு பங்குதாரர்கள், ஐந்து ஊர்கள். பவர் பத்திரம் தபாலில் போய் வந்தது. வாங்கியவர் இடித்துவிட்டு மனையாகப் போட்டார். பொதுச் சுவரில் இரண்டு வீட்டு உத்தரங்களும் ஏறியிருந்தன. எங்கள் பக்கத்துக் கூரை போனதும் மண் சாந்துச் சுவர் மழையில் ஊறியது. ஐப்பசி அடைமழையில் அடுத்தாத்து மாமியின் கூடம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. நல்லவேளை, மாமி அப்போது கொல்லையில் இருந்தார்.

பிறகு அவர் செம்பூரில் பிள்ளையோடு இருந்தார். கோவிலில் பார்த்தால், "சௌக்கியமா?" என்று விசாரிப்பார். வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார்.

மாட்டுங்காவில் பழைய கட்டடத்தை இடித்து மாடி மேல் மாடியாக எழுப்பினாலும், நடுவில் சந்து இருப்பதால் பக்கத்துக் கட்டடம் பெரும்பாலும் தப்பிக்கிறது. ஊரில் அப்படி இல்லை. கிராமத்து வீடு இன்னும் கைவசமுள்ள அங்கத்தினர்கள் பத்திரத்தை எடுத்து நான்கெல்லை விவரத்தைப் பார்க்கவும். விற்பதானால், இடிக்குமுன் அடுத்த வீட்டு உத்தரங்களுக்கு முட்டுக் கொடுத்து, சுவரின் வெளிப்புறத்தைப் பூசித்தர வேண்டும் என்று வாங்குபவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளவும். எங்கள் பத்திரத்திலும் 'பொதுச் சுவர்' என்றுதான் எழுதியிருந்தது. ஃபைல் படிப்பதே உத்தியோகமாக இருந்தவன், அதைப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.