ரோபோ காவல் காத்த குதிர்

2011, பிப்ரவரி 27. ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு ஜிமெயிலைத் திறந்த சில பேருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இன்பாக்ஸ் சுத்தமாகக் காலி. வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்த கடிதங்களில் ஒன்றுகூட இல்லை!

பாதிக்கப்பட்டவர்கள் மொத்தப் பயனாளர்களில் சுமார் 0.02 சதவிகிதம்தான். ஆனால் காணாமல் போனது உங்கள் கடிதம் என்றால் சதவிகிதமா பார்ப்பீர்கள்?

இத்தனைக்கும் கூகுள் ஏமாந்த ஆசாமி இல்லை. ஒவ்வொரு கடிதத்துக்கும் வெவ்வேறு டேட்டா சென்டர்களில் பல பிரதிகள் உண்டு. ஒன்று போனால் இன்னொன்று. வில்லங்கம் எங்கே வந்தது தெரியுமா? புதிதாகப் போட்ட ஒரு சாஃப்ட்வேரில் கோளாறு. அது எல்லாப் பிரதிகளையும் சேர்த்தே துடைத்துவிட்டது. காப்பாற்றியது எது? டேப்! கேஸட்டில் சுற்றிய காந்த நாடா. எங்கோ ஓர் அறையில் இணைப்பே இல்லாமல் தூங்கிக்கொண்டிருந்ததால் கோளாறு அதைத் தொடவில்லை. அதிலிருந்து மெதுவாக, ஆனால் பத்திரமாகக் கடிதங்களைத் திருப்பி எடுத்துக் கொடுத்தார்கள்.

'டேப்பா? அது இளையராஜா பாட்டு கேட்ட காலத்து சமாச்சாரம் ஆச்சே' என்கிறீர்களா? அதைவிடப் பழசு. 1951-லேயே யுனிவாக் கம்ப்யூட்டரில் உலோக நாடா இருந்தது. 1952-ல் ஐ.பி.எம். கொண்டுவந்த பிளாஸ்டிக் நாடாவில், ஒரு சுருளுக்கு ஏறக்குறைய 2 எம்.பி. பிடிக்கும். இன்றைய செல்போன் போட்டோ ஒன்று அடங்கினாலே அதிர்ஷ்டம்.

அதனால் என்ன ஆயிற்று? பேங்க், இன்ஷூரன்ஸ் என்று பெரிய ஆபீஸ்களில் சுருள்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. கம்ப்யூட்டர் ஒரு நம்பர் கேட்கும். ஆபரேட்டர் அலமாரிக்கு ஓடி, தேடி எடுத்து வந்து மாட்டுவார். அடுத்த நம்பர். மறுபடி ஓட்டம். கோடிக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய மெஷின், ஒரு மனுஷன் நடந்து வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கும். தூக்கக் கலக்கத்தில் அவர் தப்பான சுருளை மாட்டிவிட்டால் போச்சு!

இதற்கு ஐ.பி.எம். 1974-லேயே ஒரு வழி கண்டுபிடித்தது. தேன்கூடு மாதிரி அறைகள். உள்ளே 50 எம்.பி. கொள்ளளவுள்ள குட்டிக் குட்டி உருளைகள்; எடுத்துக் கொடுக்க இயந்திரக் கை. பிரமாதமான யோசனைதான். ஆனால் அந்த உருளை அந்த மெஷினுக்கு மட்டுமே ஆகும்.

இங்கேதான் நம் கதாநாயகன் வருகிறான். அவன் அப்போது திவாலாகியிருந்தான்.

ஐ.பி.எம்.மை விட்டு வெளியேறிய ஜெஸ்ஸி அவெய்டாவும் இன்னும் மூன்று இன்ஜினீயர்களும் 1969-ல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஆரம்பித்த கம்பெனி ஸ்டோரேஜ்டெக். டேப் டிரைவ் செய்து நன்றாகச் சம்பாதித்தார்கள். பிறகு ஆசை வந்தது. பெரிய கம்ப்யூட்டரே செய்வோம், ஆப்டிகல் டிஸ்க் செய்வோம் என்று பணத்தை இறைத்தார்கள். இரண்டும் கைகொடுக்கவில்லை. 1984-ல் திவால் பாதுகாப்பு கேட்டு கோர்ட் படியேற வேண்டியதாயிற்று.

புதுத் தலைவராக வந்தவர் ரயல் பாப்பா. (நிஜமாகவே அதுதான் பெயர்.) ஆசைப்பட்ட திட்டங்களுக்கு மூட்டை கட்டிவிட்டு, கம்பெனி தெரிந்த தொழிலுக்கே திரும்பியது. 1987-ல் திவாலிலிருந்து வெளியே வந்தது. அதே வருஷம் 4400 என்ற மாடல் சந்தைக்கு வந்தது.

பார்க்க நம் ஊர் நெற்குதிர் மாதிரி இருக்கும். பன்னிரண்டு பக்கம். உள்சுவர் முழுக்க சுமார் 6,000 கார்ட்ரிட்ஜ்கள். நடுவில் ஒரு ரோபோ கை. கையில் கேமரா. லேபிளைப் படித்து, சரியானதைப் பிடுங்கி, சில விநாடிகளில் டிரைவில் செருகிவிடும். புத்திசாலித்தனம் எதில் என்றால், எல்லா ஆபீஸிலும் ஏற்கெனவே புழங்கிய 200 எம்.பி. கார்ட்ரிட்ஜையே இதில் போடலாம். மொத்தம் 1.2 டி.பி. அன்றைக்கு அது சமுத்திரம். 2021-ல் வந்த எல்.டி.ஓ. 9 ரகக் கார்ட்ரிட்ஜ் ஒன்று 18 டி.பி. அதாவது, பதினைந்து குதிர் உங்கள் உள்ளங்கையில்!

ஸ்டோரேஜ்டெக்கை 2005-ல் சன் கம்பெனி 410 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. திவால் கடைக்கு விலையைப் பார்த்தீர்களா?

சரி, ரோபோ வந்தாச்சு, தலைவலி தீர்ந்ததா? அதுதான் இல்லை. காமர்ஸ் படித்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஸ்டாக் ரிஜிஸ்டர் வேறு, குடோன் வேறு. கதவைத் திறந்து ஒருவர் இரண்டு கார்ட்ரிட்ஜை இடம் மாற்றி வைத்துவிட்டால் ரிஜிஸ்டர் பொய் சொல்லும். பார்கோடை எல்லாம் மறுபடி படிக்கவைத்து ஸ்டாக் எடுக்க வேண்டும். எழுதும்போது பிழை வருகிறதா? அதே டேப்பை வேறு டிரைவில் போட்டுப் பாருங்கள். அங்கேயும் தகராறு என்றால் டேப் மீது சந்தேகம். ஒரே டிரைவில் எல்லா டேப்பும் மக்கர் பண்ணினால், டிரைவில் அழுக்கு. சுத்தம் செய்யும் கார்ட்ரிட்ஜைப் போட வேண்டும். அதற்கும் ஆயுசு உண்டு. இத்தனை முறைதான் என்று கணக்கு.

இன்னொரு ஆபத்து. நீங்கள் கேட்டால் எடுத்துக் கொடுக்கும் ரோபோ, உங்கள் பாஸ்வேர்டோடு நுழையும் திருடன் கேட்டாலும் எடுத்துக் கொடுக்கும். அதனால் ஒரு செட் டேப்பாவது குதிரை விட்டு, கட்டடத்தையும் விட்டு வெளியே போயாக வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, எடுத்த பேக்கப் திரும்பி வருமா என்று பார்ப்பது. 2017, ஜனவரி 31. கிட்லேப் என்ற கம்பெனியில் ஓர் இன்ஜினீயர் தப்பான சர்வரில் அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். சுமார் 300 ஜி.பி. காலி. பரவாயில்லை, பேக்கப் எடுக்க ஐந்து வழி வைத்திருந்தார்களே என்று தேடினால், ஒன்றுகூட ஒழுங்காக வேலை செய்யவில்லை. அன்றாட பேக்கப் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. அதைச் சொல்ல வேண்டிய எச்சரிக்கை ஈமெயில்கள் போய்ச் சேரவே இல்லை! வேறு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு ஒருவர் எடுத்து வைத்த பிரதிதான் மானத்தைக் காப்பாற்றியது. நடுவில் இருந்த ஆறு மணி நேரக் கணக்கு போனது போனதுதான்.

ஆக, குதிரில் நெல் இருப்பதாக ஏட்டில் எழுதியிருந்தால் போதாது. அவ்வப்போது ஒரு படி அள்ளிச் சமைத்துப் பார்க்க வேண்டும். உங்களிடம் இருப்பது ரோபோ லைப்ரரியோ, மேஜை டிராயரில் கிடக்கும் பென்டிரைவோ, இன்றைக்கே அதிலிருந்து ஒரே ஒரு ஃபைலைத் திருப்பி எடுத்துத் திறந்து பாருங்களேன். திறந்தால் சந்தோஷம். திறக்காவிட்டாலும் சந்தோஷப்படுங்கள், அசல் இன்னும் கையில்தானே இருக்கிறது!