பலேர்மோவின் கவசப் பொம்மைகள்

பொம்மையைக் கலைப்படைப்பாக மதிக்கலாமா என்னும் வினா, வடிவமைப்பாளரின் பெயரோடு குறைந்த எண்ணிக்கையில் வெளியாகி ஏலக்கூடங்கள்வரை செல்லும் இன்றைய சேகரிப்புப் பொம்மைகளால்தான் எழுந்தது போலத் தோன்றும்; ஆனால் இத்தாலியின் சிசிலித் தீவுக்குத் தலைநகரான பலேர்மோ அதே வினாவை மரமும் பித்தளையும் கொண்டு செய்த போர்வீரர் பொம்மைகளின் வழியாக முன்பே எதிர்கொண்டது. அந்நகரின் அனுபவம் இன்றைய விவாதத்துக்கும் உரிய அளவுகோல் ஒன்றைத் தருகிறது.

'ஓப்பெரா தேய் பூப்பி' எனப்படும் இப்பொம்மைக் கூத்து, 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சிசிலியின் உழைக்கும் மக்களிடையே வேரூன்றியது. சார்லமேன் பேரரசனின் வீரர்களான ஒர்லாந்தோ, ரினால்தோ ஆகியோரின் கதைகளே அதன் உயிர். பலேர்மோவைச் சேர்ந்த ஜுஸ்தோ லோதிகோ என்னும் ஆசிரியர் 1858 முதல் 1860 வரை அக்கதைகளைத் தொகுத்து வெளியிட, கூத்தர்கள் அத்தொகுப்பையே மூலநூலாகக் கொண்டு, நம் பாரதக் கூத்து பல இரவுகள் நீள்வதுபோல, ஒரே கதையை மாதக்கணக்கில் மாலைதோறும் நிகழ்த்தினர்.

பலேர்மோவின் பொம்மை ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை உயரமுடையது. தலையில் ஓர் இரும்புக் கம்பியும் வலக்கையில் மற்றொன்றும் பொருத்தப்பட்டிருக்க, ஆட்டுவிப்பவர் மேடையின் பக்கவாட்டில் நின்று அதை இயக்குகிறார். சிசிலியின் கிழக்கிலுள்ள கத்தானியா நகரின் பொம்மைகள் இதைவிடப் பெரியவை, கனமானவை. அவற்றின் முழங்கால் மடங்காது, வாளும் எப்போதும் கையிலேயே இருக்கும். பலேர்மோ வீரனுக்கோ முழங்கால் மடங்கும். உள்ளங்கை வழியே செல்லும் கயிற்றை இழுத்தால் அவன் உறையிலிருந்து வாளை உருவுவான், போர் முடிந்ததும் மீண்டும் செருகுவான். தமிழகப் பொம்மலாட்டக் கலைஞர் தம் தலையில் அணிந்த வளையத்தில் நூல்களைக் கட்டித் தம் உடலசைவையே பொம்மைக்கு மாற்றுவதைக் கண்டவர்களுக்கு, இங்கும் உடலின் விசையே கலையாகிறது என்பது எளிதில் விளங்கும். கவசத் தகட்டில் செதுக்கிய பூவேலையைப் போலவே, அத்தகடுகள் மோதும்போது எழும் ஓசையும் கைவினைஞரின் கணக்கில் அடங்கியதே. ரினால்தோவின் கவசத்தில் சிங்கமும் சாரசேனியர் எனப்படும் இஸ்லாமிய வீரரின் கவசத்தில் பிறையும் இருப்பதால், போரின் நெருக்கத்திலும் பார்வையாளர் ஆளை அடையாளம் கண்டுகொள்வர்.

இவற்றின் மதிப்பை முதலில் உணர்ந்தவர்களுள் ஒருவர் மருத்துவரும் நாட்டார் வழக்காற்று அறிஞருமான ஜுசெப்பே பித்ரே. சிறுவர் விளையாட்டுகளைப் பற்றி 1883இல் தனிநூல் வெளியிட்ட அவர், 1909இல் பலேர்மோவில் இனவியல் அருங்காட்சியகம் ஒன்றையும் நிறுவினார். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் திரைப்படமும் தொலைக்காட்சியும் பார்வையாளரை ஈர்த்துக்கொள்ள, கூத்துக்கூடங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 'மெஸ்தியேரே' என்பது ஒரு கூத்தருக்குரிய பொம்மைகள், திரைகள், கருவிகள் அனைத்தும் சேர்ந்த தொகுதி. வறுமையால் அத்தொகுதிகள் உடைந்து, தனித்தனிப் பொம்மைகளாகப் பழம்பொருள் வணிகரிடம் சென்றன. சேகரிப்பாளரிடம் மதிப்புக் கூடிய அதே காலம் கூத்துக்கலை நலிந்த காலமாகவும் அமைந்தது வருந்தத்தக்கது. அறுவை மருத்துவரும் மானுடவியலாளருமான அந்தோனியோ பாஸ்குவாலினோ அந்தச் சிதறலைத் தடுக்க முயன்றார். 1965இல் நாட்டார் மரபுகளைக் காக்கும் சங்கம் ஒன்று உருவாவதற்கும், 1975இல் பன்னாட்டுப் பொம்மலாட்ட அருங்காட்சியகம் தோன்றுவதற்கும் காரணமானார். இன்று அவர் பெயரையே தாங்கும் அவ்வருங்காட்சியகத்தில், ஆசியா உள்ளிட்ட பல நிலப்பகுதிகளின் பொம்மைகளும் இடம்பெற்றுள்ளன.

அங்கே ஓவியர்களின் ஆக்கங்களும் உள்ளன. எழுத்தாளர் இத்தாலோ கல்வினோவின் படைப்பு ஒன்றுக்கு ரெனாத்தோ குத்தூசோ உருவாக்கியவையும், போலந்து நாடகக் கலைஞர் தாதேயுஷ் காந்தோர் 1987இல் படைத்த மேடைக் கருவிகளும், என்ரிக்கோ பாய் செய்த பொம்மைகளும் பெயரறியாக் கைவினைஞர்களின் ஒர்லாந்தோக்களோடு ஒரே கூரையின்கீழ் இருக்கின்றன. புகழ்பெற்ற கலைஞரின் கை பட்டதால் மட்டும் முன்னவை உயர்ந்தவை என்று கருதுவது தவறு. உருவம், இயக்கம், ஓசை ஆகிய மூன்றையும் இணைத்துச் சிந்தித்த உழைப்பு இரண்டிலும் இருக்கிறது. அரிதாக இருப்பதோ கெடாமல் நிற்பதோ கலைக்கு இலக்கணமாகாது என்பதற்கும் இந்நகரிலேயே சான்றுண்டு: நவம்பர் 2ஆம் நாளன்று, இறந்தோர் நினைவாகச் சிறுவர்களுக்கு அச்சில் வார்த்து வண்ணம் தீட்டிய சர்க்கரை வீரர்கள் தரப்படுகின்றனர். அவை உண்ணப்படுவதற்கே செய்யப்பட்டாலும், அவற்றைச் செய்யும் கைத்திறனைப் பலேர்மோ மக்கள் குறைத்து மதிப்பதில்லை.

யுனெஸ்கோ அமைப்பு 2001இல் இக்கூத்தை மனிதகுலத்தின் வாய்மொழி மரபுச் சிறப்புகளுள் ஒன்றாக அறிவித்து, 2008இல் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது, பொம்மையை மட்டுமன்றி அதை ஆட்டும் அறிவையும் போற்றியது. சேகரிப்புப் பொம்மைகளை மதிப்பிடுவோர் கைக்கொள்ளவேண்டிய அளவுகோலும் இதுவே: எத்தனை பிரதிகள் உள்ளன, எவ்விலைக்குப் போயிற்று என்பவற்றுக்கு முன், என்ன பொருளில், எந்த நுட்பத்தில், எம்மரபின் தொடர்ச்சியாக அது செய்யப்பட்டது என்று கேட்கவேண்டும். கூத்தர் குடும்பத்தில் 1948இல் பிறந்த மிம்மோ குத்திக்கியோ, 1973இல் பலேர்மோவின் பாரா அல்லொலிவெல்லா தெருவில் தம் கூத்துக்கூடத்தைத் திறந்து, கவசங்களைப் பழுதுபார்க்கும் பட்டறைப் பணியையும் ஆட்டும் கலையையும் பிரிக்காமல் அடுத்த தலைமுறையிடம் ஒப்படைத்துவருகிறார்.