பரதேசிகளின் பட்டினம்

விடுமுறை வந்துவிட்டால் கலூரிலும் பாலாரிவட்டத்திலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு கடமை வந்து சேர்கிறது. நெல்லையிலிருந்தோ மதுரையிலிருந்தோ உறவினர் வருவர். அவர்களைக் கோட்டைக் கொச்சிக்கும் மட்டாஞ்சேரிக்கும் அழைத்துச் செல்ல வேண்டும். சீன வலையைக் காட்டுவோம். வாஸ்கோடகாமாவைப் புதைத்த இடத்தைக் காட்டுவோம். யூதத் தெருவில் ஏலமும் மிளகும் வாங்கிக்கொண்டு மாலைப் படகில் எர்ணாகுளம் திரும்புவோம். இவையெல்லாம் யாரோ கட்டியவை, யாரோ ஆண்டவை, நாம் பார்க்க வந்தவர்கள் என்னும் எண்ணமே நெஞ்சில் எஞ்சி நிற்கும். அவ்வெண்ணம் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை, அதே வழியில் மீண்டும் ஒருமுறை நடந்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கொச்சி பழைய ஊரன்று. பழைய ஊர் அதற்கு வடக்கே இருந்தது. சேரர் துறைமுகமாகிய முசிறியே அது. பொன்னொடு வந்து மிளகொடு மீளும் யவனர் மரக்கலங்களை அகநானூற்றில் எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் பாடியுள்ளார். உரோமானியராகிய பிளினியும் முசிறியைக் குறித்துள்ளார். 2007ஆம் ஆண்டு முதல் பட்டணம் என்னும் சிற்றூரில் நடைபெற்ற அகழாய்வில் மத்தியதரைக் கடல் நாடுகளின் மதுச்சாடி ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தமை, புலவர் வாக்கு வெறும் புனைவன்று என்பதற்குச் சான்றாயிற்று. 1341ஆம் ஆண்டில் பேரியாற்றில் எழுந்த பெருவெள்ளம் கொடுங்கல்லூர் முகத்துவாரத்தை மண்ணால் தூர்த்து, தெற்கே கொச்சியின் வாயைத் திறந்தது என்பர். ஆகவே கொச்சியும் ஒரு குடியேற்றமே. துறைமுகம் இடம் பெயர்ந்தது. வணிகரும் உடன் பெயர்ந்தனர்.

கோட்டைக் கொச்சியின் கடற்கரையில் முதலில் கண்ணிற்படுவன சீன வலைகள். தேக்கும் மூங்கிலும் கொண்டு கட்டிய நெம்புகோலின் ஒரு முனையில் வலை. மறுமுனையில் கயிற்றில் கோத்த கருங்கற்கள். நான்கைந்து பேர் கயிற்றைப் பிடித்திழுக்க வலை மேலெழும். இவை சீனரால் நேரே கொணரப்பட்டன என்பாரும், மக்காவிலிருந்து போர்த்துக்கீசியர் கொணர்ந்தனர் என்பாரும் உளர். எவ்வாறாயினும், பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனத் தளபதி செங் ஹோவின் கப்பல்கள் கொச்சிக்கு வந்தன என்பது உறுதி. அதே தளபதி இலங்கையின் காலித் துறையில் நாட்டிய, 1409ஆம் ஆண்டின் கல்வெட்டு மூன்று மொழிகளில் அமைந்துள்ளது. சீனமும் பாரசீகமும் போக, மூன்றாவது மொழி தமிழ். அக்கடலில் வணிகம் செய்வோர் படித்தறிய வேண்டிய மொழிகளுள் தமிழும் ஒன்று என்பதைச் சீன நாட்டார் உணர்ந்திருந்தனர்.

வலைகளைக் கடந்து சிறிது தூரம் நடந்தால் புனித பிரான்சிஸ் தேவாலயம். 1503இல் போர்த்துக்கீசியர் இங்குக் கோட்டை கட்டினர். இந்திய மண்ணில் ஐரோப்பியர் எழுப்பிய முதற்கோட்டை அதுவே. அதனுள் மரத்தாற் கட்டிய சிறு கோயிலே பின்னர்க் கற்கோயிலாயிற்று. 1524ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள் கொச்சியில் உயிர் நீத்த வாஸ்கோடகாமா இங்கே அடக்கம் செய்யப்பட்டார். ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் எலும்புகள் லிசுபனுக்குக் கொண்டு செல்லப்பட்டன. இன்று நாம் காண்பது வெறுங்குழியே. 1663இல் டச்சுக்காரரும் 1795இல் ஆங்கிலேயரும் ஊரைக் கைப்பற்றினர். கோயில் கை மாறிக் கை மாறி நின்றது, கோட்டை நிற்கவில்லை.

ஆங்கிலேயர் வந்தபின் நேர்ந்த ஒன்றை நம்மவர் பலர் அறியார். எர்ணாகுளமும் மட்டாஞ்சேரியும் கொச்சி மன்னர் ஆட்சியில் இருக்க, கோட்டைக் கொச்சி மட்டும் சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தோடு சேர்க்கப்பட்டது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரை அது சென்னை மாநிலத்தின் ஒரு பகுதியே. மூன்று நகராட்சிகளும் இணைந்து கொச்சி மாநகராட்சியானது 1967இல்தான்.

இவ்வூருக்கும் தமிழுக்கும் உள்ள உறவுகளுள் தலையாயது அச்சு. முத்துக்குளித்துறைப் பரதவரிடையே பணிபுரிந்து தமிழைக் கற்றுத் தேர்ந்த போர்த்துக்கீசியத் துறவி அண்டிரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் அச்சாயிற்று. மறு ஆண்டிலேயே, 1579இல், அவருடைய 'கிரீசித்தியானி வணக்கம்' கொச்சியில் அச்சேறியது. தரங்கம்பாடியில் தமிழ் அச்சுப்பணி தொடங்குவதற்கு நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட செய்தி இது. கொல்லத்து நூலின் முகப்பு, அதன் மொழியை 'மலபார்' என்றும் 'தமிழ்' என்றும் இரு பெயராலும் ஒருங்கே குறிக்கின்றது. அந்நாளில் எல்லைக்கோடு அத்துணை அழுத்தமாகக் கிழிக்கப்படவில்லை. இச்செய்தியை நினைவூட்டும் கல் ஒன்றையேனும் கோட்டைக் கொச்சியில் நாட்ட முயல்வது நம் சங்கங்களின் கடமையாகும்.

தேவாலயத்திலிருந்து தெற்கே வெளி என்னும் பகுதிக்குச் சென்றால் சலவைத்துறை உள்ளது. 'தோபிகானா' என்பது வழக்கு. டச்சுக்காரர் காலத்தில் படைவீரரின் உடுப்பு வெளுப்பதற்காகத் தமிழகத்திலிருந்து அழைத்து வரப்பட்டோரின் வழித்தோன்றல்கள் இங்குத் தொழில் புரிகின்றனர். வரிசையாக அமைந்த தொட்டிகளில் துவைத்து, கஞ்சியிட்டு, முறுக்கிய கயிற்றின் புரிகளுக்கிடையே துணியின் முனையைச் செருகி உலர்த்தும் திறத்தை வெளிநாட்டார் வியந்து படமெடுக்கின்றனர். அத்தொட்டிகளுக்கருகே இன்றும் தமிழ் கேட்கும். டச்சுக் கோட்டை போயிற்று. டச்சுப் படை போயிற்று. அதற்கு உடை வெளுத்தவர்கள் மட்டும் பல தலைமுறைகளாக நிலைத்து நிற்கின்றனர். காமாவின் வெறுங்குழியைக் காட்ட மறவாத நாம், உறவினரை ஒருமுறையேனும் இங்கு அழைத்து வந்ததுண்டா? வருவோர் படக்கருவியை நீட்டுமுன் ஒரு வணக்கம் சொல்லிப் பேசத் தொடங்குவது நலம்.

அடுத்து மட்டாஞ்சேரி. இங்குள்ள அரண்மனையை டச்சு அரண்மனை என்று அழைத்தாலும், பதினாறாம் நூற்றாண்டின் நடுவில் அதைக் கட்டிக் கொச்சி மன்னருக்கு அளித்தவர் போர்த்துக்கீசியர். டச்சுக்காரர் பழுது பார்த்தனர், அவ்வளவே. உள்ளே பள்ளியறைச் சுவர்களில் இராமாயணக் காட்சிகள் செறிந்த வண்ணத்தில் தீட்டப்பட்டுள்ளன. குழந்தைகளுக்குக் கதை சொல்லிக்கொண்டே காட்டுதற்கு ஏற்ற இடம். வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை நினைவிற் கொள்க.

அரண்மனைக்கு அருகிலேயே யூதாலயம். 1568இல் எழுந்தது, மணிக்கூண்டு 1760இல் சேர்ந்தது. தரையில் பதித்த நீலவண்ண ஓடுகள் சீனத்திலிருந்து வந்தவை. சனிக்கிழமை பார்வையாளர்க்கு அனுமதியில்லை. இவ்வாலயத்தின் உண்மையான செல்வம் செப்பேடுகளே. கி.பி. 1000 அளவில் சேரமன்னன் பாஸ்கர இரவிவர்மன், யூத வணிகன் யோசேப்பு இரப்பானுக்கு அஞ்சுவண்ணத்தையும் எழுபத்திரண்டு உரிமைகளையும் வழங்கிப் பொறித்தவை அவை. எழுத்து, பாண்டிநாட்டிலும் வழங்கிய வட்டெழுத்து. குடை, பறை, தோரணம், பகல் விளக்கு என அங்கு எண்ணப்படும் உரிமைகளுட் பல நமக்கு உரையின்றியே விளங்கும் சொற்கள். மன்னன் அப்போது இருந்த ஊர் முயிரிக்கோடு என்று ஏடு கூறுகின்றது; அது பழைய முசிறியே என்பர் அறிஞர். 2017இல் இச்செப்பேட்டின் படியையே இந்தியப் பிரதமர் இஸ்ரேல் நாட்டுப் பிரதமருக்குப் பரிசாக அளித்தார்.

அவ்வாலயத்தின் பெயரைக் கருதுக. 'பரதேசி யூதாலயம்'. பரதேசி என்பது வேற்று நாட்டினன் என்றே பொருள்படும். நம் பேச்சு வழக்கில் அச்சொல் இழிந்து, வீடுவாசலற்றவனை ஏசும் சொல்லாயிற்று. இங்கோ அது நானூற்றைம்பது ஆண்டுகளாக ஒரு வழிபாட்டிடத்தின் பெயராய் மதிப்புடன் விளங்குகின்றது. அங்குத் தொழுதவருட் பெரும்பாலோர் 1950களில் தொடங்கி இஸ்ரேலுக்குச் சென்றுவிட்டனர். பெயர் மட்டும் நின்றது.

திரும்பும் வழியில் வில்லிங்டன் தீவைக் காணலாம். சென்னை அரசு அனுப்ப 1920இல் வந்த பொறியாளர் இராபர்ட் பிரிஸ்டோ, முகத்துவாரத்தை மறித்த மணல்மேட்டை அகற்றி, தோண்டிய மண்ணைக் கொட்டி உருவாக்கிய நிலம் அது. 1928ஆம் ஆண்டு மே 26ஆம் நாள் 'பத்மா' என்னும் கப்பல் உள்துறைமுகத்தில் நுழைந்தது. அத்தீவின் வாத்துருத்தியில் இன்று தமிழ்த் தொழிலாளர் நெருங்கி வாழ்கின்றனர். இந்நகரின் சாலைகளிலும் மாடிக் கட்டடங்களிலும் அவர்தம் வியர்வை உண்டு.

அலுவலகப் படிவங்களில் 'நிரந்தர முகவரி' என்றொரு கட்டம் இருக்கும். எத்தனையோ பேர், விற்றுவிட்ட வீட்டின் முகவரியையே ஆண்டுதோறும் அதில் எழுதி வருகின்றோம். இங்கே பிறந்த நம் பிள்ளைகள் எதை எழுதுவர்? கூடங்களில் மலையாளமும் ஆங்கிலமும் படித்து, வீட்டில் மட்டும் தமிழ் பேசும் அவர்களுக்கு, நாம் இவ்வூரில் விருந்தினரா வீட்டாரா என்னும் ஐயம் எழுவது இயல்பே. அதற்கு வரலாறு தரும் விடை தெளிவானது. சீனரும், யூதரும், கொங்கணியரும், குசராத்தியரும், தமிழரும் வந்து வந்து ஆக்கிய ஊர் இது. துறைமுகமே இடம் பெயர்ந்து வந்த ஊரில், பின்னர் வந்தோம் என்பது குறையாகாது.

ஆயின் வீட்டார் என்னும் உரிமை கேட்போர்க்கு வீட்டாரின் கடமையும் உண்டு. மலையாளத்தைப் பிழையறக் கற்பதும், தமிழைப் பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லித் தருவதும் அக்கடமையின் இரு பாதி. வரும் விடுமுறையில் அவர்களைச் செப்பேடு தந்த ஆலயத்திற்கும், சலவைத்துறைக்கும் சேர்த்தே அழைத்துச் செல்லுங்கள். முன்னதில் அரசன் அளித்த உரிமை உண்டு. பின்னதில் உழைப்பால் பெற்ற உரிமை உண்டு. இரண்டையும் அறிந்த பிள்ளை எந்தக் கட்டத்தில் எந்த முகவரியை எழுதினாலும் தலைநிமிர்ந்தே எழுதும்.