ராஜநாயக்கனுக்கு மறுக்கப்பட்ட பலிபீடம்

கிறித்தவரானால் சாதி போய்விடும் என்கிறது சட்டம். காவிரிக் கழிமுகத்தின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

1706இல் சீகன்பால்க் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். அடுத்த ஆண்டு மே மாதம் அவரிடம் முதன்முதலாக ஞானஸ்நானம் பெற்ற ஐந்து பேரும் டேனியர் வீடுகளில் அடிமைகளாக இருந்தவர்கள். 1714இல் நான்கு நற்செய்திகளும் அப்போஸ்தலர் நடபடிகளும் அங்கே தமிழில் அச்சாயின. அந்த நூலின் ஒரு படி, தஞ்சை மராத்திய மன்னரின் படையில் இருந்த ராஜநாயக்கனின் கைக்கு வந்தது. அவர் பறையர், கத்தோலிக்கராக வளர்ந்தவர். தாமே படித்து, யோசித்து, 1727இல் தரங்கம்பாடிச் சபையில் ஊரறியச் சேர்ந்தார். அடுத்த ஆண்டே உபதேசியார் ஆனார்.

அப்போது ஐரோப்பிய மிஷனரிகள் தஞ்சை நாட்டுக்குள் நினைத்தபடி நுழைய முடியாது. ஊர் ஊராகப் போய்ச் சபைகளைக் கட்டி வளர்த்தவர்கள் ராஜநாயக்கன் போன்ற உள்ளூர் உழைப்பாளிகளே.

1733இல் வேளாளரான ஆரோன் முதல் தமிழ்ப் போதகராகக் குருப்பட்டம் பெற்றார். 1741இல் இரண்டாமவரைத் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தபோது ராஜநாயக்கனின் பெயரும் பேசப்பட்டது. அவருடைய தகுதியில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் பறையர் கையால் வேளாளக் கிறித்தவர்கள் திருவிருந்து வாங்குவார்களா என்ற கேள்வி எழுந்தது. பட்டம் தியோகுவுக்குப் போனது. ராஜநாயக்கன் 1771இல் இறக்கும்வரை உபதேசியாராகவே இருந்தார்.

1833இல் ஆயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடாது என்று ஆணையிட்டார். தஞ்சை வேளாளக் கிறித்தவர்கள் பலர் அதை ஏற்கவில்லை. புகழ்பெற்ற கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியாரும் அவர்கள் பக்கமே நின்றார். திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் தலித் பிணங்களைப் பிரித்து வைக்கச் சுவர் எழுப்பியதும் இதே மனநிலைதான்.

இந்த வரலாற்றைக் கண்டுகொள்ளாமல் வந்தது 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை. இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினர் ஆகமாட்டார் என்றது அதன் மூன்றாம் பத்தி. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. கிறித்தவருக்கும் இஸ்லாமியருக்கும் இன்றுவரை திறக்கவில்லை. ஞானஸ்நானம் பெற்ற தலித்துக்குப் பட்டியல் சாதி இடஒதுக்கீடும் இல்லை, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் இல்லை. தமிழ்நாட்டில் அவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்படுகிறார். ஞானஸ்நானம் பெற்றுத் தேவாலயத்துக்குப் போய்வரும் ஒருவர், வேலைக்காக மட்டும் தன்னை இந்து என்று சொல்லிப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்க முடியாது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது.

ஆக, விசுவாசத்தை வெளிப்படையாகச் சொல்லும் தலித் இரண்டு பக்கமும் இழக்கிறார். சபை அவருடைய அறிக்கையை ஏற்றுக்கொண்டு சாதியை வைத்துக்கொள்கிறது. அரசு அதே அறிக்கையைக் காட்டி, உனக்குச் சாதி இல்லை என்கிறது.

சான்றிதழில் இந்து, ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் என்று வாழ்பவர்களை 'இரட்டை வேடம்' என்று ஏசுவது எளிது. ஒரே வாய்ச்சொல்லுக்கு இப்படி விலை வைத்தது யார் என்று கேட்பதே நம் வேலை. மூன்றாம் பத்தியை நீக்கு என்று தில்லியிடம் கேட்போம். பலிபீடத்தையும் கல்லறையையும் பொதுவாக்கு என்று ஆயர்களிடமும் கேட்போம். ஒன்றைக் கேட்டு மற்றதை விட்டால், ராஜநாயக்கன் இன்னும் வாசலிலேயே நிற்பார்.